ஓஷினன்சே: ஒரு நாளில் சுற்றி வரக்கூடிய மலை ஏரி

சித்தப்பா பேர்ணுக்கு வந்து 35 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஓஷினன்சே ஏரியைக் குறைந்தது பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறார். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ யார் வந்தாலும் கேபிள் காரில் ஏற்றிக்கொண்டுபோய், ஏரிக்கரையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, கட்டிக்கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் ஆட்கள் எறும்புபோல வரிசையாக நடந்துபோவதை ஒவ்வொரு தடவையும் கண்டிருக்கிறார். அது வெள்ளைக்காரருடைய வேலை என்று நினைத்துக்கொள்வாராம். உணவகச் சமையலறையில் கிழமை முழுவதும் நின்ற கால்களுக்கு லீவு நாள் என்றால் இருப்பதற்குத்தான்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, ஓர் ஓகஸ்ட் மாத வியாழக்கிழமை, அவர் முதன்முறையாக அந்த மேற்பாதையில் நடந்தார். கூட நானும், அவருடைய மருமகளான அண்ணியும் போனோம். அண்ணி கிளிநொச்சிக்காரி. 2008 இன் கடைசியில் வீட்டைவிட்டு நடக்கத் தொடங்கியவர், 2009 மே வரை நடந்தார். மலைக்கு நடக்கப் போவோமா என்று கேட்டபோது, காரணமில்லாமல் எதற்கு நடப்பான் என்று கேட்டார். எங்களில் பலருக்கு இருக்கும் கேள்விதான் அது. பிறகு அவரே சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

சுவிற்சர்லாந்தில் இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்டவர்கள் சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள் என்பது பொதுவான கணிப்பு. அவர்களில் பெரும் பகுதியினருக்கு இந்த ஏரி இரண்டு மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கும், உறவினரிடம் போய்வருகிறவர்களுக்கும் பயன்படும் வகையில் அந்தப் பாதையின் விபரங்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமான விபரம்

இடம்: பேர்ண் மாநிலம், கண்டர்ஷ்டெக் கிராமம்
ஏரியின் உயரம்: கடல் மட்டத்திலிருந்து 1,578 மீற்றர்
பாதையின் மிக உயர்ந்த இடம்: ஓபர்பேர்க்லி, சுமார் 1,980 மீற்றர்
தூரம்: சுமார் 8 முதல் 9 கிலோமீற்றர், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதை
மொத்த ஏற்றம்: சுமார் 450 முதல் 500 மீற்றர்
நடை நேரம்: மூன்றரை முதல் நான்கு மணித்தியாலம். ஓய்வும் சாப்பாடும் சேர்த்தால் ஆறு மணித்தியாலம் ஒதுக்குங்கள்
தரம்: நடுத்தரம். மலையேறும் பயிற்சி தேவையில்லை. உறுதியான கால்களும் சரிவைக் கண்டு தலை சுற்றாத தன்மையும் வேண்டும்
காலம்: பொதுவாக ஜூன் நடுப்பகுதி முதல் ஒக்ரோபர் வரை

மலை விழுந்து உண்டான ஏரி

ஜேர்மன் மொழியில் 'சே' என்றால் ஏரி. ஓஷினன்சே யாரும் கட்டிய குளம் அல்ல. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்து மலையின் ஒரு பகுதி சரிந்து பள்ளத்தாக்கை அடைத்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். விழுந்த பாறைகள் அணைக்கட்டாக நின்றன. பின்னால் பனியாற்று நீர் தேங்கியது. இன்று அதன் பரப்பு ஒரு சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். மிக ஆழமான இடம் 56 மீற்றர்.

கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் எதுவும் தெரியாது. அந்தப் பாறைக் குவியலின் இடுக்குகளால் நிலத்துக்கடியில் இறங்கி, கீழே ஊற்றுகளாக வெளிவருகிறது. கண்டர்ஷ்டெக்கின் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் இந்த நீர் பயன்படுகிறது. பனி உருகும் வேகத்தைப் பொறுத்து ஏரியின் நீர்மட்டம் ஆண்டுக்குள்ளேயே பல மீற்றர் ஏறி இறங்கும்.

ஏரியின் தெற்கிலும் கிழக்கிலும் சுவர்போல எழும் மலைகளில் புளூம்லிஸ்அல்ப்ஹோர்னும் டொல்டன்ஹோர்னும் 3,600 மீற்றருக்கு மேற்பட்டவை. இந்தப் பகுதி 2007 முதல் யுனெஸ்கோவின் யுங்ஃப்ராவ்-அலெட்ச் உலக மரபுரிமைப் பகுதிக்குள் அடங்குகிறது.

எங்கள் ஆட்களுக்கு ஓர் ஒப்பீடு சொன்னால் விளங்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த ஏரி அதைவிட ஏறக்குறைய 300 மீற்றர் தாழ்வு. ஆனாலும் பொதுவாக டிசெம்பர் முதல் மே வரை இது பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும். உயரம் மட்டுமல்ல, பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்பதும் குளிரைத் தீர்மானிக்கிறது. நுவரெலியாவுக்குப் போய்வந்த நினைப்பில் ஒரு சுவெட்டரோடு கிளம்பிவிடக் கூடாது.

போகும் வழி

பேர்ண் பிரதான நிலையத்திலிருந்து தூண், ஷ்பீட்ஸ், புருட்டிகன் வழியாகக் கண்டர்ஷ்டெக்குக்கு நேரடி ரயில் இருக்கிறது. சுமார் ஒரு மணி பத்து நிமிடம் ஓடும். இங்கே பலர் விடும் பிழை ஒன்று உண்டு. பிறிக் போகும் அதிவேக ரயிலில் ஏறினால் அது புருட்டிகனுக்குப் பக்கத்திலேயே 2007 இல் திறக்கப்பட்ட 34.6 கிலோமீற்றர் ஆழ்சுரங்கத்துக்குள் நுழைந்து, மலைக்கு மறுபக்கத்தில்தான் வெளிவரும். கண்டர்ஷ்டெக்கில் நிற்காது. பழைய மலைப்பாதையால் போகும் ரயிலில்தான் ஏற வேண்டும். ரயிலின் நிறுத்தப் பட்டியலில் கண்டர்ஷ்டெக் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

நிலையத்திலிருந்து கேபிள் காரின் கீழ்நிலையத்துக்கு ஊருக்குள்ளால் 15 முதல் 20 நிமிட நடை. கண்டர்ஷ்டெக் 1,176 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கேபிள் கார் உங்களை 1,682 மீற்றருக்குக் கொண்டுபோய் விடும். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் காட்டிக் கட்டணக் குறைப்பு உண்டா என்று கேளுங்கள். ரயிலுக்கு, உங்கள் நகரசபை விற்கும் நாள் பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் குடும்பத்துக்குக் கணிசமான காசு மிஞ்சும்.

கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும். கோடை வார இறுதிகளில் நீண்ட வரிசை நிற்கும் என்பதால் காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருப்பது நல்லது.

பாதை

*மேல்நிலையம் முதல் ஹொய்பெர்க் வரை: சுமார் ஒரு மணித்தியாலம்*

கேபிள் காரில் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நேரே ஏரிக்குப் போகும் அகலப் பாதையில் இறங்குவார்கள். அது 20 முதல் 30 நிமிடம். மேற்பாதைக்கு ஹொய்பெர்க் என்று எழுதிய பலகையைப் பார்த்து இடப்பக்கம் ஏற வேண்டும். தொடக்கத்தில் புல்வெளி, பிறகு ஊசியிலை மரக்காடு. முதல் அரை மணித்தியாலம்தான் மூச்சு வாங்கும். கதைத்துக்கொண்டு நடக்கக்கூடிய வேகத்தில் போனால் போதும். கதைக்க முடியாமல் போனால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஹொய்பெர்க் சுமார் 1,940 மீற்றர். மரங்கள் விலகியதும் ஏரி முழுவதும் ஒரே பார்வையில் 350 மீற்றருக்குமேல் கீழே தெரியும். பனியாறுகள் அரைத்த நுண்ணிய பாறைத்தூள் தண்ணீரில் மிதப்பதால்தான் அந்தப் பச்சை கலந்த நீலம். சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தான் இத்தனை வருடமும் சட்டியின் அடியை மட்டும் பார்த்திருக்கிறேன் என்றார்.

*ஹொய்பெர்க் முதல் ஓபர்பேர்க்லி வரை: 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம்*

இந்தச் சுற்றின் மிக அழகான பகுதியும் மிகக் கவனமாக நடக்க வேண்டிய பகுதியும் இதுதான். பாதை பெரிய ஏற்ற இறக்கமின்றி மலைவிலா ஓரமாகப் போகிறது. வலப்பக்கம் சரிவு. பல இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்து மலைப்பக்கமாக நடத்துங்கள். படம் எடுப்பதென்றால் நின்று எடுங்கள். நடந்துகொண்டு எடுக்க வேண்டாம். மழை பெய்து புல்லும் மண்ணும் நனைந்திருந்தால் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுவதே புத்தி.

ஓபர்பேர்க்லி கோடை மேய்ச்சல் நிலம். மாடுகளும் மணிச்சத்தமும், ஆயர் குடிலும் இருக்கும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு அருகே போகவோ கன்றைத் தடவவோ வேண்டாம். ஊர் மாடுபோல அவை சாதுவாக நிற்கும் என்று நினைத்து முட்டு வாங்கியவர்கள் உண்டு. நாய் கொண்டுபோனால் கயிற்றில் வைத்திருங்கள்.

இங்கிருந்து ஒரு பாதை மேலே ஹோட்டூர்லி கணவாய்க்கும் புளூம்லிஸ்அல்ப் மலைக்குடிலுக்கும் போகிறது. அது 2,800 மீற்றர் வரை ஏறும் வேறொரு நாள் வேலை. பலகையை வாசித்து, கீழே உன்டர்பேர்க்லி பக்கம் திரும்புங்கள்.

*ஓபர்பேர்க்லி முதல் ஏரிக்கரை வரை: 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம்*

செங்குத்தான இறக்கம். ஏற்றத்தில் களைப்பது நெஞ்சு, இறக்கத்தில் களைப்பது முழங்கால். நடைத்தடி இருந்தால் இங்கேதான் உதவும். சித்தப்பா இந்தப் பகுதியில் நான்கு தடவை இருந்து எழும்பினார். அவசரப்படாமல் குறுகிய அடியாக வைத்து இறங்கினால் சமாளிக்கலாம். உன்டர்பேர்க்லியைத் தாண்டியதும் மலையிலிருந்து விழும் நீரோடைகளின் சத்தம் கூட வரும்.

*ஏரிக்கரை முதல் மேல்நிலையம் வரை: 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம்*

ஏரியின் வடகரையோரமாக மேற்கு நோக்கி நடக்க வேண்டும். சாப்பிட, காலை நனைக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. நடந்து சூடேறிய உடம்போடு தண்ணீரில் குதிக்காதீர்கள். கோடையிலும் ஆழத்தில் குளிர் கடுமையாக இருக்கும். திடீர்க் குளிரில் மூச்சுத் திணறி, நல்ல நீச்சல்காரரும் அமிழ்ந்துபோகலாம். நீச்சல் தெரியாத பிள்ளைகளை ஓர் எட்டுத் தூரத்துக்குள் வைத்திருங்கள்.

மேற்குக் கரையில் உணவகங்கள் உள்ளன. அங்கிருந்து கேபிள் காருக்கு 100 மீற்றர் ஏற்றம். நாள் முடிவில் இந்தச் சிறு ஏற்றம்தான் பலருக்குக் கொடுமை. அதற்கென்று கொஞ்சம் பலத்தையும் ஒரு வாய் தண்ணீரையும் மிச்சம் வைத்திருங்கள்.

கல்லில் பூசிய நிறம்

சுவிஸ் முழுவதும் நடைபாதைகளுக்கு ஒரே அடையாள முறை. வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை என்றால் மலைநடைப் பாதை. செங்குத்தாகவும் ஒடுங்கியும் இருக்கலாம், நல்ல சப்பாத்து கட்டாயம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அல்பைன் பாதை. பாறையில் கை வைத்து ஏறவேண்டி வரலாம், அனுபவம் இல்லாதவர்கள் போகக் கூடாது. ஓஷினன்சேயின் மேற்சுற்று இரண்டாவது வகை. பலகையில் எழுதியிருக்கும் நேரம் நடை நேரம் மட்டும். ஓய்வு அதில் சேராது.

ஹொய்பெர்க்குக்கு ஏறும் வழியில் ஒரு பாறையில் அந்த வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டையைக் கண்டதும் அண்ணி சட்டென்று நின்றுவிட்டார். காலைத் தூக்கியவர் வைக்கவில்லை. மீள்குடியேறிய காலத்தில் அவர்களுடைய காணிக்குப் போகும் ஒழுங்கையில் சிவப்புப் பூசிய தடிகளும் மண்டையோடு வரைந்த பலகைகளும் இரண்டு வருடம் நின்றனவாம். சிவப்புக்கு அங்கால் கால் வைக்கக் கூடாது என்பது அவருடைய பதின்ம வயதின் பாடம். அந்த நிறத்துக்கு இங்கே 'இதுதான் பாதை, இதால் வா' என்று அர்த்தம். அதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய கால் அதை நம்ப, அரை மணித்தியாலம் எடுத்தது. வன்னியில் வாழ்ந்த யாரையாவது முதல்தடவை மலைக்கு அழைத்துப்போகிறீர்கள் என்றால் இதை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாதையில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் 'குருயெஸ்ஸெக்' என்று வணக்கம் சொல்வார்கள். பேர்ண் ட்ராமில் 30 வருடம் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லாத வணக்கத்தை மலையில் எல்லாரும் சொல்கிறார்கள் என்பது சித்தப்பாவின் கண்டுபிடிப்பு. நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.

என்ன கொண்டுபோவது

சப்பாத்து: அடியில் ஆழமான பிடிப்புள்ளது, கணுக்கால் வரை வருவது நல்லது. செருப்பும் வழவழப்பான ஓட்டச் சப்பாத்தும் வேண்டாம். புதுச் சப்பாத்தை ஒரு கிழமை ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள்.

உடை: மழைக்கோட், ஒரு தடித்த மேலுடுப்பு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் பூச்சு. மலையில் வெயில் கடுமை, எங்கள் தோலும் எரியும்.

தண்ணீர்: ஆளுக்கு ஒன்றரை லீற்றர். மேய்ச்சல் நிலத்து ஓடைகளில் நேரே குடிக்க வேண்டாம்.

சாப்பாடு: பாண், பழம், கச்சான், பேரீச்சம்பழம். புளிச்சாதமும் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் ஏறி முடிக்க முதல் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம்.

மருந்து: எங்கள் சமூகத்தில் முதல் தலைமுறையினர் பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சீனி திடீரென்று இறங்கலாம். குளுக்கோஸ் குளிசை அல்லது பழச்சாறு எட்டும் பையில் இருக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

தொலைபேசி: முழுதாக மின்னேற்றி, பொலித்தீன் பையில். மீட்பு ஹெலிகொப்டர்ச் சேவையான ரேகாவின் இலக்கம் 1414, அம்புலன்ஸ் 144, ஐரோப்பியப் பொது அவசர இலக்கம் 112. ஹெலிகொப்டரைக் கண்டு உதவி வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆங்கில எழுத்து 'வை' போல நில்லுங்கள். வேண்டாம் என்றால் ஒரு கையை மேலும் மற்றதைக் கீழும் நீட்டி நில்லுங்கள்.

அண்ணியின் பையில் இவ்வளவும் இருந்தன. அதற்கும் மேல், கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டப்பட்டிருந்தன. ஒரு நாள் நடைக்கு அவை தேவையில்லை. வீட்டைவிட்டு நடந்து வெளிக்கிட்டால் அவை இல்லாமல் வெளிக்கிட மாட்டேன் என்றார். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

எப்போது போகக் கூடாது

ஜூன் தொடக்கத்தில் கீழே கோடை தெரிந்தாலும் மேற்பாதையில் பழைய பனி கிடக்கலாம். சரிவில் உறைந்த பனியைக் குறுக்கே கடப்பது அனுபவமில்லாதவர்களுக்கு ஆபத்து. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பின்னேர இடிமழை திடீரென்று வரும். இரண்டு மணிக்கு முதல் மேற்பாதையை முடித்துவிடும்படி திட்டமிடுங்கள். செப்ரெம்பர்தான் சிறந்த மாதம். வானம் தெளிவு, கூட்டம் குறைவு. ஆனால் பகல் குறுகத் தொடங்கிவிடும்.

மலையில் திரும்பிப்போவது தோல்வியல்ல. ஹொய்பெர்க்கில் நின்று மேகம் கறுப்பதைக் கண்டால் வந்த வழியே இறங்கி, கீழ்ப்பாதையால் ஏரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஏரி அங்கேதான் இருக்கும்.

அசைந்துகொண்டிருக்கும் மலை

ஏரிக்குத் தெற்கே 'ஷ்பிட்ச ஷ்டை' என்ற ஒரு சிகரம் இருக்கிறது. அது மெல்ல மெல்ல நகர்கிறது. 2018 இல் இந்த அசைவு வேகமாகியிருப்பது தெரியவந்தது. சரியக்கூடிய பாறையின் அளவு ஏறக்குறைய இரண்டு கோடி கனமீற்றர் என்று கணிக்கப்பட்டது. மலையின் உள்ளே காலாகாலமாக உறைந்து, பாறைகளை ஒட்டிப்பிடித்திருந்த நிலத்தடிப் பனி வெப்பமேறி இளகுவது முக்கிய காரணங்களில் ஒன்று. அன்றிலிருந்து ராடாரும் அளவுகருவிகளும் அந்தச் சிகரத்தை இரவுபகலாகக் கண்காணிக்கின்றன. கீழே ஊரைக் காக்க அணைகள் கட்டப்பட்டுள்ளன. சிகரத்தின் கீழுள்ள பகுதிகளில் நடமாட்டம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நிலைமையைப் பொறுத்து மற்றப் பாதைகளும் மூடப்படலாம்.

ஆகவே, போகும் நாள் காலையில் கண்டர்ஷ்டெக் ஊராட்சியின் அல்லது கேபிள் கார் நிறுவனத்தின் இணையத்தளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். மூடிய பாதையின் நாடாவைத் தாண்டிப் போகாதீர்கள், முன்னால் பத்துப் பேர் போனாலும்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சல்ல. இந்த மலைத்தொடரின் மறுபக்கத்தில், லொட்சன்டால் பள்ளத்தாக்கில், பிளாட்டன் என்ற கிராமம் இருந்தது. 2025 மே 19 அன்று, மேலே மலை அசைவதைக் கண்ட அதிகாரிகள் அங்கிருந்த சுமார் 300 பேரை வெளியேற்றினார்கள். ஒன்பது நாட்களின் பின், மே 28 அன்று, பாறையும் பனியாறும் சேர்ந்து இறங்கி, ஊரின் பெரும் பகுதியை மூடின. வெளியேற்றப்பட்ட பகுதிக்கு வெளியே நின்ற ஒருவர் உயிரிழந்தார். கையில் எடுத்த பையோடு வெளிக்கிட்டவர்கள் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. ஆனால் ஒரு ஊர் முழுவதும் உயிரோடு இருந்தது. முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னதைச் சனம் நம்பியது என்பதே காரணம். எச்சரிக்கையை நம்பக்கூடிய ஓர் ஆட்சிக்குக் கீழ் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பாதைக்கும் ஒரு சட்டம்

சுவிற்சர்லாந்தில் பலகையும் அடையாளமும் இட்ட நடைபாதைகளின் மொத்த நீளம் 65,000 கிலோமீற்றருக்கு மேல். இது தற்செயலாக வந்ததல்ல. 1979 இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் நடைபாதைகள் பற்றிய ஓர் உறுப்புரையை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். அதன்படி வந்த சட்டத்தில் ஒரு முக்கிய ஏற்பாடு இருக்கிறது. பாதைத் திட்டத்தில் பதிவான ஒரு நடைபாதையை வீதியோ கட்டடமோ விழுங்கினால், அதற்குப் பதிலாகப் பொருத்தமான வேறு பாதை கிடைக்கச் செய்ய வேண்டும். அதோடு, காடும் மேய்ச்சல் நிலமும் யாருடைய சொத்தாக இருந்தாலும், ஊர் வழக்கத்துக்கு உட்பட்டு எவரும் அவற்றில் நடக்கலாம் என்று குடியியல் சட்டம் சொல்கிறது. நீங்கள் குடியுரிமை பெற்றவரா, எந்த எழுத்து அட்டை வைத்திருப்பவர் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, வலிகாமம் வடக்கில் வேலி போட்ட தன் காணிக்குப் போன ஒழுங்கையைப் பற்றிக் கதைத்தார். அந்த ஒழுங்கைக்குப் பதிலாக அவருக்கு இதுவரை யாரும் வேறு பாதை கொடுக்கவில்லை.

உரிமை இருந்தால் கடமையும் உண்டு. மேய்ச்சல் வாசற்கதவைத் திறந்தால் பிறகு மூடுங்கள். குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பூக்களைப் பறிக்காதீர்கள். சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள்.

திரும்பும் ரயில்

பின்னேரம் ஐந்து மணியளவில் கண்டர்ஷ்டெக் நிலையத்தில் வாங்கில் இருந்தோம். நிலையத்துக்குத் தெற்கே மலைக்குள் நுழையும் லொட்ச்பெர்க் சுரங்கம் 1913 இல் திறக்கப்பட்டது. 14.6 கிலோமீற்றர் நீளம். அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1908 ஜூலை 24 அன்று, மேலே ஓடும் கண்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடி உடைந்து, சேறும் சரளையும் நீரும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. 25 தொழிலாளர் இறந்தார்கள். பெரும்பாலான உடல்களை எடுக்க முடியவில்லை. அந்தப் பகுதியைச் சுவர் எழுப்பி மூடிவிட்டு, சுரங்கத்தை வளைத்து வேறு வழியால் கொண்டுபோனார்கள். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இதை நான் சொன்னபோது சித்தப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டைக் கட்டியவர்களில் வெளியில் இருந்து வந்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள் என்றார். தான் கழுவிய சட்டிகளையும் அதில் சேர்த்தாரோ தெரியாது.

அண்ணி சப்பாத்தைக் கழற்றி, குதிக்காலில் கிளம்பிய கொப்புளத்தைப் பார்த்தார். காலையில் நின்ற அதே நிலையம், அதே வாங்கு. நடந்து வெளிக்கிட்டு அன்றைக்கே வெளிக்கிட்ட இடத்துக்குத் திரும்பி வந்தது இதுதான் முதல்தடவை என்று சொல்லிவிட்டு, பையில் மிச்சமிருந்த கச்சானை எங்களுக்கு நீட்டினார். ரயில் வந்தது. அடுத்த கோடையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவதென்றும், அவனுக்கு இப்போதே பெரிய அளவில் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கி வைக்க வேண்டும் என்றும் தூண் வரும் வரை இருவரும் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.